ஹெர்பர்ட் அங்கிளின் பீங்கான் பல்

ஹெர்பர்ட் அங்கிளின் பீங்கான் பல்லைப் பார்க்காதவர்கள் புனே கேம்ப் தமிழ்ச் சபையில் யாரும் இல்லை. பார்க்காமல் தப்பிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடிக்க நிற்கிற இடத்தில் சும்மா ஒரு வார்த்தை சௌக்கியம் விசாரித்தால் போதும், மனிதர் உதட்டை விரலால் ஒதுக்கி, மேல்வரிசையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பல்லைக் காட்டிவிடுவார். "எது நெசம், எது செஞ்சதுன்னு சொல்லும் பாப்போம்" என்பார். தெரிந்தாலும் தெரியாத மாதிரி முழிப்பதுதான் மரியாதை. ஆராதனை நடத்துகிற சபை ஐயரே இரண்டு தடவை முழித்திருக்கிறார்.

போசரியில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் ஹெர்பர்ட் தலைமை ஃபிட்டர். ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்தால் வருகிற ஒரு பங்குக்கு அங்கே 'தௌ' என்று பெயர். அதில் பாதி கூடியிருந்தாலும் அவர் விரல் தடவிக் கண்டுபிடித்துவிடும் என்பதால், சபையிலும் 'அரை தௌ ஹெர்பர்ட்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. கோயில் மணியின் கொக்கி, ஆர்கனின் மிதிகட்டை, பெண்களின் தையல் மெஷின், எது மக்கர் செய்தாலும் அவர் கைக்குத்தான் போகும். திரும்பி வரும்போது முன்பைவிட நன்றாகவே ஓடும். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பல்லைச் செய்து வைத்தவள் மில்ட்ரெட். கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜானின் மகள். இதே சபையில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் படித்து, பல் டாக்டருக்குப் படித்துவிட்டு வானவடியில் கிளினிக் திறந்தாள். எண்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம், அவள் கிளினிக்கில் வைத்த முதல் பீங்கான் பல் அதுதான். அவள் முதலில் சொன்னது தங்கம்.

"அங்கிள், மெல்லுற பல்லுக்கெல்லாம் தங்கம்தான் நல்லது. எதிர்ப்பல் தேயுற மாதிரி தானும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். அதைத் தொந்தரவு பண்ணாது."

"தங்கப் பல்லா? வாயத் தொறந்தா வட்டிக்காரன்னு நெனைப்பாவ. வெள்ளையா ஒண்ணு வையி பாப்பா."

வெள்ளையாகவே வைத்தாள். உள்ளே உலோகத் தொப்பி, மேலே பீங்கான். பம்பாயில் ஒரு லேபுக்கு அனுப்பிச் சூளையில் சுட்டு வாங்கியது. ஒரு வாரம் கழித்து வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஹெர்பர்ட் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தபோது, "ஏக்தம் பர்ஃபெக்ட்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் உதடும் நாக்கும் நீலமாக இருந்தது மில்ட்ரெட்டுக்குக்கூட ஞாபகம் இருக்கிறது. ஃபேக்டரி வாசல் மரத்து நாவல்பழம் என்றார். சீசன்தானே, யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாய்தான் அவளுக்கு விளம்பரப் பலகை. அரை தௌ ஹெர்பர்ட்டே பர்ஃபெக்ட் என்கிறார் என்றால் பிறகு என்ன. சபையில் பாதிப் பேர் வானவடிக்கு வரத் தொடங்கினார்கள். இரண்டரை வருஷம் இப்படி நன்றாகத்தான் போயிற்று.

எண்பத்து மூன்று டிசம்பரில் வந்தது வினை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிப் பலகாரம் சுடுவது அந்தச் சபையின் வழக்கம். அந்த வருஷம் சாங்வியில், ஹெர்பர்ட்டின் மனைவி சாந்தகுமாரியின் வீட்டில். ஒரு அடுப்பில் அச்சு முறுக்கு, இன்னொன்றில் அதிரசம். கல்யாணம் ஆகாத பெண்கள் எல்லாம் தரையில் வட்டமாக உட்கார்ந்து, புதுச் சீப்பின் மேல் மாவை அழுத்திச் சுருட்டிக் கல்கல் செய்துகொண்டிருந்தார்கள். மில்ட்ரெட்டும் அந்த வட்டத்தில்தான். பக்கத்தில் பிலிஸ். நர்சரி டீச்சர். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தவள். ஜனவரியில் கல்யாணம். அதற்குள் பீங்கான் பல் வைத்துக்கொள்ள மில்ட்ரெட்டிடம் நாள் குறித்திருந்தாள்.

சாந்தகுமாரி மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"மில்ட்ரெட்டு, கோவிச்சுக்கிடாத. நீ வச்ச பல்லு இவுக பல்லத் தின்னுட்டுல்லா."

"எந்தப் பல்லை, ஆன்ட்டி?"

"அதுக்கு நேர் கீழ உள்ளத. பாதிதான் நிக்கி. பச்சத்தண்ணி பட்டா சுளீர்னு இழுக்குங்காவ. நேத்து அச்சு முறுக்கக் காப்பியில முக்கித் தின்னாவ. கல்யாணம் ஆன நாள்லருந்து இவுக முறுக்க முக்கித் தின்னு நான் பாத்ததே இல்ல."

பிலிஸ் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றுவிட்டது. நாக்கு தானாக அந்த உடைந்த பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

மில்ட்ரெட் ஏதோ சமாளித்துச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மாவை உருட்டினாள். அப்போது சாந்தகுமாரி வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தாள். மழுங்கிப்போயிருந்த கத்தி வெட்டவில்லை. ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கவிழ்த்துவைத்து, அதன் அடிவட்டத்தில் கத்தியை நாலு இழுப்பு இழுத்தாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஜாடி முழுக்கக் கண்ணாடி மாதிரி வழவழப்பு இருக்கும், அடிவட்டத்தில் மட்டும் அந்தப் பூச்சு இருக்காது. சொரசொரவென்று இருக்கிற அந்த வெறும் பீங்கான் இரும்பையே தீட்டும்.

மில்ட்ரெட் அந்த அடிவட்டத்தையே பார்த்தாள். வழவழப்பான பீங்கான் எதிர்ப்பல்லை இவ்வளவு தின்னாது. பூச்சுப் போன பீங்கான்தான் தின்னும். அப்படியானால் அந்தப் பூச்சு எங்கே போயிற்று? கடைசி நிமிஷத்தில் உயரம் சரிசெய்யத் தேய்ப்புக் கல்லால் ஒரு தடவை தொட்டுவிட்டு, மறுபடி பாலிஷ் போட மறந்துவிட்டோமா? முதல் பல். பயந்து பயந்துதான் வைத்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தாலும் ஞாபகம் வரவில்லை.

சாங்வியில் பொரிந்தது வானவடிக்கு வந்து சேர நேரமாகவில்லை. அந்த வாரமே பிலிஸ் கிளினிக் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கறேனே. போட்டோவுல வாயை மூடிட்டு சிரிச்சாப் போச்சு."

பொய் சொல்லத் தெரியாத பெண். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் வந்து சொல்லக்கூட இல்லை, வராமல் இருந்துவிட்டார்கள். மில்ட்ரெட்டும் காரணம் தெரிகிறவரை யாருக்கும் பீங்கான் வைப்பதில்லை என்று முடிவு செய்தாள். ஊர் பேசுவதை அவள் தாங்கிக்கொள்வாள். தன் கையைத் தானே நம்ப முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. எந்தக் கருவியை எடுத்தாலும் இரண்டு தடவை யோசித்தாள்.

ஹெர்பர்ட்டைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஆனால் பல் கூசுகிற மனிதர் டாக்டரிடம் ஓடி வருவார் என்றுதானே நினைப்போம்? இவர் நழுவினார். லீவு இல்லை என்றார். குளிர் விடட்டும் என்றார். ஸ்கூட்டர் ரிப்பேர் என்றுகூடச் சொல்லி அனுப்பினார். அரை தௌ ஹெர்பர்ட்டின் ஸ்கூட்டர் ரிப்பேர் என்பதை சபையில் யார் நம்புவார்கள்? கடைசியில் சாந்தகுமாரியே பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வெளி பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

மில்ட்ரெட் கதவைச் சாத்திவிட்டு விளக்கை இழுத்தாள். கீழ்ப்பல்லைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. மேலே இருந்த வெள்ளை ஓடு தேய்ந்து போய், நடுவில் மஞ்சளாகக் குழி விழுந்திருந்தது. மேலே பீங்கான் பல் மட்டும் தன்பாட்டுக்குக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அதன் அடியைப் பார்த்தாள். பூச்சே இல்லை. ஜாடியின் அடிவட்டம்தான்.

ஆனால் அதில் இருந்த கீறல்கள் அவள் கல் போடுகிற கீறல்கள் இல்லை. அவள் கல் சுழலும். வளைவு வளைவாகத்தான் கோடு விழும். இங்கே எல்லாம் நேர்க்கோடு. ஒரே பக்கமாக, வரிசை தப்பாமல், அத்தனை சுத்தமாக. அந்தக் கோடுகளின் நடுவே, பல்லின் பள்ளத்தில், ஊசிமுனை அளவுக்குக் கொஞ்சம் நீலம்.

அந்த நீலத்தை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயசில் அப்பாவின் நகக்கண்ணில் பார்த்த நீலம். எத்தனை சோப்புப் போட்டாலும் காக்கிச் சட்டையை விட்டுப் போகாத நீலம். இரண்டு இரும்புத் துண்டுகள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஃபிட்டர்கள் ஒன்றில் அந்த மையைத் தடவி, இன்னொன்றை அதன் மேல் வைத்து அழுத்துவார்கள். எங்கே ஒட்டுகிறதோ அங்கே மேடு. அந்த மேட்டை அரத்தால் இழுத்துவிடுவார்கள்.

"அங்கிள்," என்றாள் மெதுவாக, "இது மார்க்கிங் ப்ளூதானே?"

வாயில் கண்ணாடியும் பஞ்சும் இருந்ததால் ஹெர்பர்ட்டால் பதில் சொல்ல முடியவில்லை. கண்களை மட்டும் மூடிக்கொண்டார். அதுவே பதில்தான். அவள் பஞ்சை எடுத்தாள்.

"நீ தப்பா நெனைக்கக் கூடாது பாப்பா. பல்லு ரெண்டு தௌ ஒசரமா இருந்துச்சு. உன்ட்ட வந்து சொன்னா, மொத ஜாப்லயே குத்தம் சொல்லுதாருன்னு ஒனக்குச் சங்கடமா இருக்கும். நாமளே சரி பண்ணிக்கிடுவோம்னு..."

"எதால?"

"வைர அரம். ஊசி மாதிரி இருக்கும். ஷேவிங் கண்ணாடிய இரும்பக் கவ்வுற வைஸ்ல சாத்தி வச்சுக்கிட்டு..."

"ஒரு தடவைதானா?"

ஹெர்பர்ட் கூரையைப் பார்த்தார். "தசராவுக்கு ஃபேக்டரியில மெஷினெல்லாம் தொடச்சு, எண்ண போட்டு, மாலை போடுவாவல்லா. அன்னைக்கி வேல கெடையாது. சும்மா இருக்க நேரத்துல பல்லுக்கும் ஒரு சர்வீஸ்..."

"ஒவ்வொரு தசராவுக்குமா?"

"மெஷின்னா வருஷா வருஷம் பாக்கணும்லா" என்றார், குரலே எழும்பாமல்.

மில்ட்ரெட்டுக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் அந்தப் பெரிய மனிதர் தசரா அன்றைக்குச் சாமந்தி மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டு, நீல நாக்கோடு கண்ணாடியில் குனிந்திருக்கிற காட்சி கண்முன் வந்ததும் சிரித்துவிட்டாள். அடக்க முடியாத சிரிப்பு. வெளியே சாந்தகுமாரி, "என்னட்டி சிரிப்பு?" என்று கேட்டாள்.

சிரித்து முடித்துவிட்டு, ஊறுகாய் ஜாடியை வைத்தே அவருக்கு விளக்கினாள். மனிதருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"அப்போ பல்ல அரமாக்கிப்போட்டு, அந்த அரத்தால என் பல்லையே தேச்சிருக்கேன்."

"ஆமா. மூணு வேளையும்."

அவர் நாற்காலியின் கைப்பிடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "யார்ட்டயும் சொல்லிராத பாப்பா. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் தையல் மெஷினக்கூட என் கையில குடுக்க மாட்டான்" என்றார்.

"நோயாளி வாயில பாத்ததை டாக்டர் வெளிய சொல்லக்கூடாது அங்கிள். சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர மனது ஆறவில்லை. பூச்சுப் போனதற்குத் தான் காரணம் இல்லை, சரி. ஆனால் பல் இரண்டு தௌ உயரமாக இருந்தது என்கிறாரே. சொன்னவர் யார்? அரை தௌ தெரிகிற மனிதர். அப்படியானால் முதல் தப்பு தன் கையில்தான். அந்த முள் அப்படியே இருந்தது. அதோடு, ஊர் வாயை மூட அவளிடம் இப்போது ஒரு வார்த்தையும் கிடையாது.

பீங்கானை எடுத்துவிட்டுத் தங்கம் வைத்தாள். கீழ்ப்பல்லின் குழியை அடைத்தாள். இந்தத் தடவை ஹெர்பர்ட் வட்டிக்காரனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற ஹெர்பர்ட் அன்றைக்கு எல்லாப் பாட்டையும் உதட்டைத் திறக்காமல் முனகியே முடித்தார். டீ நேரத்தில் ஓரமாக நின்று கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தகுமாரி விடுவாளா? பக்கத்தில் நின்ற சபைக்காரி கிருபாவதி, தங்கமா வச்சிருக்கா என்று கேட்டதுதான் தாமதம், சொல்லிவிட்டாள்.

"ஆமா, தங்கந்தான் வச்சிருக்கா. சும்மா வைப்பாளா? தப்பு அவ பேர்ல இருக்கு. தெரிஞ்சிட்டு. அதான் வெள்ளைய எடுத்துட்டா. நல்ல பிள்ளைதான், நான் இல்லைங்கல. ஆனா வேல பழகல."

மில்ட்ரெட் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி திரும்பினார்கள். பிலிஸ் கையைப் பிசைந்தாள். மில்ட்ரெட் டீயை ஒரு மடக்குக் குடித்தாள்.

"தப்பு அவ பேர்ல இல்ல" என்றார் ஹெர்பர்ட்.

வாயைத் திறந்ததும் தங்கம் பளிச்சென்று தெரிந்தது. அவர் மறைக்கவில்லை. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"பல்ல நான்தான் அரத்தால தேச்சேன். ஃபேக்டரியில வச்சு. நாலு தடவ."

ஐயர் டீயில் பிஸ்கட்டை முக்கிவிட்டு எடுக்க மறந்தார்.

"ஒசரமா இருந்துச்சு, அதான் தேச்சேன்னு டாக்டர்ட்ட சொன்னேன். அதுவும் பொய்தான்." அவர் இப்போது மில்ட்ரெட்டை மட்டும் பார்த்தார். "மொத நாளு நீலம் தடவிக் கடிச்சுப் பாத்தேன் பாப்பா. ஒசரம்னா ஒரு எடத்துல கட்டியா அப்பும். அப்படி அப்பல. சின்னச் சின்னப் புள்ளியா, எல்லாப் பக்கமும் ஒரே சீராத்தான் விழுந்துச்சு. அரை தௌகூடக் கூடுதல் கெடையாது. அளவு பாக்குற கேஜ் இல்லாம, மெஷின் இல்லாம, வாய்க்குள்ள அப்படி ஒரு ஃபிட்டிங். என் சர்வீஸ்ல நானே அப்படி எப்பயாவதுதான் பண்ணிருக்கேன்."

"பெறகு ஏன் தேச்சீய?" என்று கேட்டாள் சாந்தகுமாரி. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அடுத்தவுக செஞ்ச ஜாப் எதுவும் நான் ஒரு இழுப்பு இழுக்காம வெளிய போனதில்ல. நான் தொடாமலே அந்தப் பல்லு சரியா இருந்துச்சுங்கத என்னால பொறுத்துக்கிட முடியல."

சாந்தகுமாரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றி சுருங்கியது.

"அப்போ அன்னைக்கி வாயெல்லாம் நீலமா வந்து நின்னியளே. நாவப்பழம் தின்னேன்னியளே. அதுவும் இதுதானா?"

ஹெர்பர்ட் தலையாட்டினார். முதலில் சிரித்தது ஐயர்தான். பிறகு கிருபாவதி, பிறகு எல்லோரும். சாந்தகுமாரி மட்டும் சிரிக்காமல் மில்ட்ரெட்டிடம் வந்து, அவள் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கிக் கொட்டிவிட்டு, வேறு டீ கொண்டுவந்து கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாதவள். டீயில் மட்டும் சர்க்கரை இரண்டு பங்கு இருந்தது.

மில்ட்ரெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஹெர்பர்ட் எத்தனையோ பேரிடம் பர்ஃபெக்ட் என்று சொல்லியிருக்கிறார். அதையெல்லாம்விட இந்தப் புள்ளிக் கணக்குதான் அவளுக்கு இனித்தது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். பிலிஸ் மெல்ல வந்து அவள் கையைத் தொட்டு, "அக்கா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள்.

ஹெர்பர்ட்டின் கைக்கு அதற்குப் பிறகும் தையல் மெஷின்கள் போகாமல் இல்லை. ஆனால் கொடுக்கிறவர்கள், "ரிப்பேரை மட்டும் பாருங்க அங்கிள், நல்லா இருக்கிறதைத் தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் தங்கப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பிலிஸின் பல் புது வருஷம் பிறந்த கையோடு பம்பாயிலிருந்து வந்தது. மில்ட்ரெட் வைத்துப் பார்த்தாள். மைத்தாளை நடுவில் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள். புள்ளிகள் சின்னச் சின்னதாக, சீராக விழுந்திருந்தன. பழக்கத்தில் கல்லைக் கையில் எடுத்தவள், மறுபடி ஒரு தடவை அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு பல்லைத் தொடாமலே கல்லைத் தட்டில் வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துப் பிலிஸிடம் கொடுத்தாள்.